நினைப்பதே நம்மைக் காக்கும்

(பட்டிமன்றத் தலைப்பு: பேரிடர்களை மறந்து வாழ்வதே நலமா? நினைத்து வாழ்வதே நலமா? 'நினைத்து வாழ்வதே' என்னும் அணியின் நிறைவுப் பேச்சு.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணியின் தோழர்களே! நல்லவர்களாக இருந்தும் தவறான பக்கத்தில் உட்கார்ந்துவிட்ட எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) திருவொற்றியூர்ப் பெருமக்களே! அடுப்பில் குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! 

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா ஓர் அருமையான வாதம் வைத்தார்கள். "மறதி ஒரு வரம். மறதி மட்டும் இல்லைன்னா எந்த மருமகளும் மாமியார் வீட்டில் ஒரு வாரம் தங்கமாட்டா" என்றார்கள். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அதற்கப்புறம் அந்த அம்மாவே, முப்பது வருஷத்துக்கு முன்னாடி அவங்க மாமியார் சாம்பாரைப் பற்றி என்ன சொன்னார், எந்தக் கிழமை சொன்னார், சொல்லும்போது என்ன கலர் சேலை கட்டியிருந்தார் என்பது வரைக்கும் இந்த மேடையிலே சொன்னார்கள்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) நடுவர் அவர்களே, மறதிக்காக வாதாட வந்தவர் இவ்வளவு ஞாபகசக்தியோடு இருந்தால், அவர் யார் பக்கத்துச் சாட்சி? எங்கள் பக்கத்துச் சாட்சி!

எதிரணித் தலைவர் இன்னொன்று சொன்னார். "இது பட்டினத்தார் அடங்கிய மண். எல்லாவற்றையும் விட்டுவிடு என்று சொன்னவர் அவர். துயரத்தையும் விட்டுவிட வேண்டியதுதானே?" என்று கேட்டார். ஐயா, பட்டினத்தார் விடச் சொன்னது செல்வத்தை. முடிவை மறக்கச் சொன்னாரா? ஒவ்வொரு நாளும் அதை நினை என்றல்லவா சொன்னார்! கடலைப் பார்த்தபடி அடங்கியிருக்கிற அந்த மகானைத் தயவுசெய்து உங்கள் கட்சியில் சேர்த்துவிடாதீர்கள். (சிரிப்பு)

நான் ராயபுரத்துக்காரன். கடற்கரையோரம் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டில் என்னை வளர்த்தது எங்கள் ஆயா. வடசென்னையில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். நான் சாப்பிட அடம்பிடித்தால் ஆயா பூச்சாண்டியைக் கூப்பிடமாட்டார். "எம்டன் வந்துட்டான்டா, குண்டு போடுறான்டா, சீக்கிரம் துன்னு" என்பார். எம்டன் என்றால் யாரோ பெரிய மீசை வைத்த ஆள் என்று பத்து வயசு வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எம்டன் ஆள் இல்லை, கப்பல். ஜெர்மன் போர்க்கப்பல். முதல் உலகப்போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள். இரவு ஒன்பதரை மணி இருக்கும். சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. வானமே சிவந்துபோயிற்று. சிறிது நேரம்தான், வந்த வழியே போய்விட்டது. அடுத்த நாள் முதல் ஆயிரக்கணக்கான மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டு ஓடினார்கள்.

அப்போது எங்கள் ஆயாவுக்கு நாலு வயசு. "எங்க ஆத்தா சோத்துப் பானையை அடுப்புலயே வுட்டுட்டு என்னைத் தூக்கினு ஓடிச்சு. அந்தச் சோறு இன்னா ஆச்சோ தெரியல" என்று சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பாருங்கள்! குண்டைப் பற்றிக் கவலை இல்லை. சோற்றைப் பற்றிக் கவலை. சரித்திரப் புத்தகத்தில் குண்டு இருக்கும். சோற்றுப் பானை இருக்காது. அது ஆயா நாக்கில்தான் இருக்கும்!

அந்தக் குண்டுவீச்சுக்கு உயர்நீதிமன்ற வளாகத்துச் சுவரில் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். (இடைவெளி) இரண்டு பேர். அவர்களும் வக்கீல்களாக இருப்பார்கள். (சிரிப்பு) சரி, 'அவன் சரியான எம்டன்டா' என்ற சொல்லைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? (கைகள் உயர்கின்றன) பார்த்தீர்களா, அரங்கம் முழுக்க! நூறு வருஷத்தைத் தாண்டியும் அந்தக் கப்பல் தமிழன் வாயில் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. கல் மறந்ததைச் சொல் மறக்கவில்லை.

இன்னொரு சொல்லைக் கேளுங்கள். நம்ம ஸ்டான்லி மருத்துவமனைக்கு இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் வைத்த பெயர் என்ன? (கூட்டத்தில் குரல்: "கஞ்சித் தொட்டி!") அப்படிச் சொல்லுங்க! 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'. எங்கிருந்து வந்தது இந்தப் பெயர்? 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. நாட்டுப்புறத்திலிருந்து பசியோடு ஜனங்கள் சென்னைக்கு ஓடி வந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-இல் உருவானது மணியக்காரர் சத்திரம். அங்கே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய இடம்தான் வளர்ந்து வளர்ந்து இன்று இவ்வளவு பெரிய மருத்துவமனையாக நிற்கிறது. பெயர்ப்பலகையில் ஒரு வெள்ளைக்கார கவர்னர் பெயர் இருக்கிறது. ஜனங்கள் வாயிலே கஞ்சி இருக்கிறது! கவர்னரை நினைப்பது அரசாங்கத்தின் வழக்கம். கஞ்சியை நினைப்பது பசித்தவன் வழக்கம். (கைதட்டல்)

இப்போது எதிரணித் தலைவர் எழுந்து கேட்பார். "சரி பேராசிரியரே, எம்டனை நினைவில் வைத்து என்ன சாதித்தீர்கள்? இன்றைக்கு அந்தச் சொல்லுக்குக் கெட்டிக்காரன், கண்டிப்பான அப்பா என்றல்லவா பொருளாகிவிட்டது? 'எம்டன் மகன்' என்று ஒரு சினிமாவுக்கே பெயர் வைத்தார்களே!" நியாயமான கேள்வி. ஒப்புக்கொள்கிறேன். சொல் தங்கியது, பாடம் தங்கவில்லை. நினைவிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, கதை சொல்லும் நினைவு. இன்னொன்று, கையைப் பிடித்து இழுக்கும் நினைவு. இந்த இரண்டாவது நினைவு இல்லாமல் போனதால் வந்த வினையை நான் சொல்லியே ஆக வேண்டும். நடுவர் அவர்களே, கொஞ்ச நேரத்துக்கு மணியைத் தொடாதீர்கள்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி. என் கட்டில் லேசாக ஆடியது. என் மனைவி, "என்னங்க, வீடு ஆடற மாதிரி இல்லை?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லை, நீ காபியைப் போடு" என்றேன். நான் தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவன். என் மனைவி வீடு ஆடுகிறது என்று சரியாகச் சொன்னாள். முனைவருக்குத் தெரியவில்லை.

சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் நிலம் பிளந்த நேரம் அது. அங்கே புறப்பட்ட அலை நம் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இரண்டரை மணி நேரம்! ஒரு சினிமா பார்க்கிற நேரம். அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்கு அன்றைக்கு இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை ஏற்பாடும் இல்லை. ஐதராபாத்தில் நம் நாட்டு எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல்தான். தமிழ்நாட்டில் சுமார் எட்டாயிரம் பேர் போனார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். நம் சென்னையில் இருநூறு பேருக்கு மேல்.

ஜனவரியில் கல்லூரி திறந்தோம். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவி. பெயர் வேண்டாம். துறை அறைக்கு வெளியே வந்து நின்றாள். அவளுடைய தம்பி, ஒன்பது வயசுப் பையன், ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடக் கரைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. ஆறுதல் சொல்லலாம் என்று எழுந்தேன். அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஐயா, போன செமஸ்டர்ல கடல்கோள் நடத்துனீங்களே. பஃறுளியாறு போச்சு, குமரிமலை போச்சு, புகார் போச்சுன்னு சொன்னீங்களே. நானும் எழுதி நாலரை மார்க் வாங்கினேன். அது இதுதான்னு ஏன் ஐயா சொல்லல? அது திரும்பி வரும்னு ஏன் சொல்லல? கடல் உள்ள போனா வேடிக்கை பாக்காம ஓடணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் என் தம்பிகிட்ட சொல்லியிருப்பேனே ஐயா."

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, முப்பது வருஷமாக மேடையில் பேசுகிறேன். எந்த வாதத்துக்கும் ஒரு பதில் வைத்திருப்பேன். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

எனக்கும் அது தெரியாது என்பதுதான் உண்மை. சிலப்பதிகாரத்தில் படித்திருக்கிறேன். இறையனார் களவியல் உரையில் படித்திருக்கிறேன். கடல்கோள் என்பது தமிழனுக்குப் பழைய சொல். உலகமே சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லைச் சொல்வதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னால் நம்மிடம் அந்தச் சொல் இருந்தது. ஆனால் அதை நாங்கள் ஐந்து மதிப்பெண் வினாவாக்கிப் பெட்டியில் பூட்டிவிட்டோம். பெருமைக்கு நினைத்தோம், பிழைப்பதற்கு நினைக்கவில்லை. நம் நாட்டில் மறதி இப்படித்தான் வரும் ஐயா. புத்தகத்தை எரித்துவிட்டு வராது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே வரும்!

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் வாருங்கள். சுமத்ராவை ஒட்டிச் சிமுலூ என்று ஒரு தீவு. நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு வெகு பக்கம். எழுபதாயிரத்துக்கும் அதிகமான மக்கள். நமக்குக் கிடைத்த மாதிரி இரண்டரை மணி நேரம் அவர்களுக்கு இல்லை, சில நிமிடங்கள்தான். எத்தனை பேர் இறந்தார்கள் தெரியுமா? ஏழு பேர். ஏழாயிரம் இல்லை அம்மா, ஏழே பேர்! எப்படி? 1907-இல் அதே மாதிரி ஓர் அலை வந்து அந்தத் தீவில் ஏராளமானவர்களை வாரிக்கொண்டு போயிருக்கிறது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மாங்' என்று பெயர் வைத்தார்கள். பாட்டிமார் அதைத் தாலாட்டிலே வைத்தார்கள், கதையிலே வைத்தார்கள். நிலம் பலமாக ஆடினால், கடல் பின்வாங்கினால், சட்டி பானையைப் பார்க்காதே, மேட்டுக்கு ஓடு. இவ்வளவுதான் பாடம். தொண்ணூற்றேழு வருஷம் கழித்து அந்தத் தாலாட்டு ஒரு தீவையே தூக்கிக்கொண்டு மலைமேல் ஏறிவிட்டது! (நீண்ட கைதட்டல்)

ஜப்பானில் அநேயோஷி என்று ஒரு சிற்றூர். 1933-இல் வந்த பேரலைக்குப் பிறகு அங்கே மலைச்சரிவில் ஒரு கல்லை நட்டார்கள். இந்தக் கல்லுக்குக் கீழே வீடு கட்டாதே என்று எழுதி வைத்தார்கள். 2011-இல் மறுபடி பேரலை வந்தது. கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. கல்லுக்கு மேலே இருந்த வீடுகள் பிழைத்தன. இரண்டு கல்லையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நம் கல் 'இங்கே குண்டு விழுந்தது' என்று சொல்கிறது. அவர்கள் கல் 'நீ இதைச் செய்யாதே' என்று சொல்கிறது. இரண்டும் கல்தான். ஒன்று பழசைப் பார்க்கிறது, மற்றொன்று பேரனைப் பார்க்கிறது.

எதிரணியில் இளைஞர் ஒருவர், "எல்லாம் விதி, கடலம்மாவின் கோபம், நினைத்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டார். தம்பி, மணிமேகலையைப் படித்துப் பாருங்கள். புகார் நகரத்தைக் கடல் ஏன் கொண்டது? மகனைக் காணாமல் தேடி அலைந்த சோழ மன்னன் இந்திர விழா எடுக்க மறந்துவிட்டான். மறந்ததற்குத் தண்டனை என்கிறது காப்பியம். இன்றைய விஞ்ஞானம் இதை ஏற்காது. நானும் அப்படியே ஏற்கச் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் ஒரு நேர்மை இருக்கிறது. அழிவு வந்ததும், 'யார் தன் கடமையை மறந்தார்?' என்று கேட்டது அந்தக் காலம். அரசனையே கைகாட்டியது. நாம் என்ன செய்கிறோம்? 'இயற்கை, இயற்கை' என்று சொல்லிக் கணக்கை முடித்துவிடுகிறோம். இயற்கைமேல் பழிபோடுவது சுலபம். மழை கோர்ட்டுக்கு வந்து, "ஐயா, நான் தண்ணீர் மட்டும்தான் கொண்டுவந்தேன், எண்ணெய் என்னுடையது இல்லை" என்று சாட்சி சொல்லாது! (சிரிப்பு, கைதட்டல்)

எதைச் சொல்கிறேன் என்று எண்ணூர்க்காரர்களுக்குத் தெரியும். 2017 ஜனவரி 28. காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கரையெல்லாம் கருப்பாக அப்பியது. பெரிய கசிவு இல்லை என்றார்கள் முதலில். அப்புறம் மீனவர்களும் மாணவர்களும் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு நாள்கணக்கில் அள்ளினார்கள். அள்ள அள்ளக் குறையவில்லை. ஆறு வருஷம் ஓடியது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்தது. வலையெல்லாம் கருப்பு, படகெல்லாம் கருப்பு. மறுபடி அதே வாளி! ஆறு வருஷத்தில் நாம் கற்றுக்கொண்டது என்ன? வாளியை எங்கே வைத்தோம் என்பது மட்டும்தான்.

இதைவிட ஒன்று சொல்கிறேன். அதே 2023 டிசம்பர். தேதி 26. சுனாமி நினைவு நாள். ஒவ்வோர் ஆண்டும் காசிமேட்டில் கடலில் பாலை ஊற்றிப் பூவைத் தூவுகிற நாள். அதே நாள் நள்ளிரவை நெருங்கும்போது, எண்ணூர் பெரியகுப்பத்தில், உரத்தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சு முட்டி, கண் எரிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த ஜனங்களுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று யாராவது முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தோமா? காற்று எங்கிருந்து வருகிறது என்று பார், அதற்குக் குறுக்கே விலகு, ஈரத்துணியால் மூக்கை மூடு. மூன்றே வரி. இது எந்தத் தாலாட்டில் இருக்கிறது? எந்தப் பாடப்புத்தகத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்காவது இருக்கிறது?

தேதி இல்லாத பேரிடரும் ஒன்று உண்டு. நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870-களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கியதும் அது தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாயிற்று. வடக்கே கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. நீங்கள் மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறீர்களே, அந்த மணல் எங்கள் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வர வேண்டிய மணல் ஐயா! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) உட்காருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நினைத்துக்கொண்டு சாப்பிடுங்கள். இதற்குக் கல்வெட்டு கிடையாது, நினைவு நாள் கிடையாது. ஒரே ராத்திரியில் போனால் பேரிடர். நூறு வருஷமாகப் போனால் அதற்குப் பெயரே இல்லை. இதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? "அதோ, அலை அடிக்குதே, அங்கதான் எங்க தெரு இருந்துச்சு" என்று கடலைக் கைகாட்டுகிற கிழவர்கள். அவர்கள் கையை இறக்கிவிட்டால் அந்தத் தெருவுக்குச் சாட்சியே இல்லை.

நடுவர் அவர்களே, மணியைக் கையில் எடுத்துவிட்டீர்கள். முடித்துவிடுகிறேன்.

எதிரணி சொல்வதில் ஓர் ஈரம் இருக்கிறது. மறுக்கமாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒவ்வொரு நிமிஷமும் அதையே நினைத்தால் அடுத்த வேளைக்கு உலை வைக்க முடியாது. அவள் மறக்கட்டும். அவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அவள் நிம்மதியாக மறக்க வேண்டும் என்றால், அவளுக்குப் பதிலாக ஊர் நினைக்க வேண்டும். பள்ளிக்கூடம் நினைக்க வேண்டும், கம்பெனி நினைக்க வேண்டும், அரசாங்கம் நினைக்க வேண்டும். ஊர் மறந்துவிட்டால், அந்த ஒருத்தி மறக்கவே முடியாது. வலியை மறக்கலாம், வழியை மறக்கக் கூடாது! (கைதட்டல்)

எதிரணித் தலைவர், "சுனாமிக்கு அப்புறம் மீனவன் மறுபடி கடலுக்குப் போனானே, அது மறதிதானே?" என்றார். இல்லை ஐயா. எங்கள் கரையில் போய்ப் பாருங்கள். படகை இறக்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று கடலைப் பார்ப்பான். அவன் மறந்துவிட்டுப் போகவில்லை. நினைத்துக்கொண்டே போகிறான்.

அந்த மாணவிக்கு நான் பதில் சொல்லவில்லை என்றேனே. அதற்கப்புறம் ஒன்று செய்தேன். ஒவ்வோர் ஆண்டும் கடல்கோள் பாடம் வரும்போது புத்தகத்தை மூடிவைப்பேன். "நிலம் ஆடினால், கடல் உள்ளே போனால், என்ன செய்வாய்?" என்று கேட்பேன். வகுப்பே சேர்ந்து பதில் சொல்லும் வரை விடமாட்டேன். "வீட்டுக்குப் போய்த் தம்பி தங்கச்சிக்குச் சொல்லு" என்று அனுப்புவேன். மதிப்பெண் கிடையாது. பரீட்சையில் வராது. ஆனால் கடல் ஒருநாள் இந்தக் கேள்வியைக் கேட்டால், என் பிள்ளைகளில் ஒருத்தியாவது நூற்றுக்கு நூறு வாங்க வேண்டும் அல்லவா?

இன்றைக்கு இரவு உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள்: "உன் காலத்துல என்ன வந்துச்சு? எப்படித் தப்பிச்சே?" என்று. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சோற்றுப் பானை அடுப்பிலேயே இருந்தது என்பதையும் சொல்லுங்கள். பானையை விட்டுவிட்டு ஓடியதால்தான் ஆயா பிழைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பேரிடர்களை நினைத்து வாழ்வதே நலம், நலம் என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)